குழந்தையோடு பழைய நண்பர்கள் வீட்டுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள் இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு லீவு போட்டு ஓடுகிற நாம், நண்பர்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு பயணம் வைப்பது அபூர்வம். குழந்தை பிறந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். அது நிற்கக் கூடாது என்பது என் ஆசை. சென்னையிலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் என் மகளைக் கூட்டிக்கொண்டு விடுதித் தோழிகளின் வீடுகளுக்குப் போய் வருகிறேன். அக்கம்பக்கத்திலும் ஆபீஸிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குழந்தை கொஞ்சம் பெரிதாகட்டும், அப்புறம் போகலாம் என்று நினைக்கிறோம். எந்த வயது சரி?

தள்ளிப்போடாதீர்கள். இப்போது பல் முளைக்கிறது என்பீர்கள், அடுத்த வருடம் ஸ்கூல் அட்மிஷன் வரும், அதன் பிறகு பரீட்சைகள் ஆரம்பிக்கும். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று சொல்லும்போது நண்பரின் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பான்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையோடு போவதுதான் உண்மையில் சுலபம். சாப்பாட்டுக் கவலை இல்லை, ஓடவும் மாட்டாது. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை என்றால் தடுப்பூசி நாட்களைப் பார்த்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கஷ்டமான காலம் ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டரை, மூன்று வரை. நடக்கத் தெரியும், சொன்னால் கேட்கத் தெரியாது. அந்த வயதில் விழுப்புரம், புதுச்சேரி, திருச்சி என்று பக்கத்தில் இருக்கும் நண்பர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம். நான்கு வயதுக்கு மேல் என்றால், ஜன்னல் சீட்டும் ஒரு கதையும் இருந்தால் பாதித் தூரம் போய்விடும்.

ரயிலா, பஸ்ஸா, காரா?

என் ஓட்டு ரயிலுக்கு. கழிப்பறை இருக்கிறது, எழுந்து நடக்கலாம், படுக்கலாம், எதிர் சீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ குழந்தையோடு பேச்சுக் கொடுக்க இருப்பார்கள். இரவு பஸ்ஸில் குழந்தை ‘அவசரம்’ என்றால் டிரைவரிடம் போய் நிற்க வேண்டும். கார் நல்லதுதான், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் ஏழெட்டு மணி நேரம் ஓட்டிக் களைத்த ஆள், போய்ச் சேர்ந்ததும் நண்பனோடு உட்கார்ந்து பேசும் தெம்பில் இருக்க மாட்டார். காரில் போனால் குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காராதீர்கள். பின் சீட்டில், குழந்தைக்கான இருக்கையில் வாரைப் போட்டு உட்கார வையுங்கள்.

ரயில் என்று முடிவானால் அடுத்த கேள்வி பகலா இரவா என்பது. மதுரைக்குப் பகல் ரயிலே போதும். 1977-இல் ஓட ஆரம்பித்த வைகை எக்ஸ்பிரஸ் இன்றும் நம்பகமான வண்டி. மதியம் எழும்பூரில் ஏறினால் இரவு மதுரை. செங்கல்பட்டு ஏரி, கொள்ளிடம், காவிரி, திண்டுக்கல் பக்கத்து மலைகள் என்று குழந்தைக்குக் காட்ட வழி நெடுக ஏதாவது வரும். அவசரம் என்றால் 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் இருக்கிறது. அதில் படுக்கை கிடையாது, உட்கார்ந்துதான் போக வேண்டும், துறுதுறு குழந்தைகளுக்கு அது கொஞ்சம் சிரமம்.

திருநெல்வேலிக்கு இரவு ரயில்தான் என் தேர்வு. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சாப்பிட வைத்துப் படுக்கப் போட்டால், கண் விழிக்கும்போது தென்மாவட்டம் வந்திருக்கும். தூங்கி எழுந்த குழந்தை நண்பர் வீட்டுக்குள் சிரித்த முகத்தோடு நுழையும். பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்த குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

குழந்தைக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா?

ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் டிக்கெட் தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு, படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டும் என்றால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். இந்த விதி 2016-இலிருந்து இருக்கிறது. வந்தே பாரத், சேர் கார் மாதிரி உட்கார்ந்து போகும் வகுப்புகளில் அந்த அரை டிக்கெட் வசதி இல்லை, முழுக் கட்டணம்தான்.

ஆறு வயதைத் தாண்டிய குழந்தைக்கு இரவுப் பயணத்தில் முழு டிக்கெட் எடுத்துவிடுவதே நல்லது. ஒரே பெர்த்தில் இரண்டு பேர் படுத்தால் இரண்டு பேரும் தூங்க முடியாது.

முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால் ஆரம்பமாகிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாட்கள். பொங்கல், தீபாவளி, மே மாதம் என்றால் முன்பதிவு திறக்கும் நாளிலேயே உட்கார்ந்துவிடுங்கள். நண்பர்களைப் பார்க்கப் போகும் பயணத்துக்குப் பண்டிகை நாள் வேண்டாம் என்பதும் என் கருத்து. அன்று அவர்கள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், உங்களுக்கென்று அவர்களால் நேரம் ஒதுக்க முடியாது. பள்ளி அரையாண்டு விடுமுறையின் நடுப்பகுதியோ, ஒரு சாதாரண நீண்ட வார இறுதியோ நன்றாக இருக்கும்.

விமானம் என்றால் இரண்டு வயது வரை மடியில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு சிறு கட்டணம் உண்டு. வயதுச் சான்று கட்டாயம் கேட்பார்கள்.

லோயர் பெர்த் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது?

மூத்த குடிமக்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் இடம் இருக்கும்வரை லோயர் பெர்த் தானாகக் கிடைக்கும். இளம் தாய்மார்களுக்கு அந்த உறுதி இல்லை. ஏறியவுடன் எதிரில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். குழந்தையைப் பார்த்தால் பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள். அவர் வயதானவராக இருந்தால் கேட்காதீர்கள், டிடிஇ-யிடம் சொல்லிப் பாருங்கள். படுக்கும்போது குழந்தை சுவர்ப் பக்கம், நீங்கள் வெளிப்பக்கம். சைடு லோயரில் ஆள் நடமாட்டம் அதிகம், குழந்தை அடிக்கடி விழித்துக்கொள்ளும். ஒரே பெர்த்தை இரண்டு பேர் பகிர்ந்து உட்கார வேண்டிய ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் குழந்தையோடு இரவுப் பயணம் வேண்டவே வேண்டாம்.

வழிக்கு என்ன சாப்பாடு எடுத்துப் போகலாம்?

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி பெரியவர்களுக்கு, நெய்யும் சர்க்கரையும் தொட்ட இட்லி குழந்தைக்கு. இதை மிஞ்சிய வழிச்சாப்பாடு எனக்குத் தெரியாது. வாழையிலையில் கட்டினால் இரவு வரை தாங்கும். புளியோதரையும் கெடாது. தயிர்சாதம் என்றால் பாலை நிறைய விட்டு, தயிரைக் கொஞ்சமாகக் கலந்து எடுத்துப் போங்கள், புளிக்காது. வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி வேண்டாம். வாழைப்பழம், பொரி, கடலை மிட்டாய் கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.

கைக்குழந்தைக்கு ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், கழுவிய பாட்டில்கள். இரண்டு செட் மாற்றுத் துணியைத் தனியாக ஒரு பையில் வையுங்கள், பெரிய பெட்டியின் அடியில் வைத்தால் நடு இரவில் எடுக்க முடியாது. ஒரு பழைய பருத்திப் புடவையும் எடுத்துக்கொள்ளுங்கள். விரிக்கவும் போர்த்தவும் பால் கொடுக்கும்போது மறைப்புக்கும் அது ஒன்றே போதும்.

பத்து வருடமாகப் பேசவே இல்லை. திடீரென்று ‘வரலாமா’ என்று எப்படிக் கேட்பது?

பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள், டிக்கெட்டும் பெர்த்தும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ‘அவள் என்ன நினைப்பாளோ’, ‘கல்யாணத்துக்கே நான் போகவில்லையே’, ‘அவர்கள் இப்போது பெரிய வசதியில் இருக்கிறார்களே’. இந்த எண்ணம் எல்லாம் எதிர்ப்பக்கமும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பிறந்தநாள் வாழ்த்தைப் பேச்சு என்று கணக்கில் எடுக்காதீர்கள். நேராக போன் செய்யுங்கள். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர்களும் விளக்கம் சொல்ல வேண்டிவரும், அழைப்பே சங்கடமாகிவிடும். ‘டீ, உன்னைப் பார்க்கணும் போல இருக்கு. அடுத்த மாசம் மதுரைக்கு வரட்டுமா, குட்டியையும் கூட்டிட்டு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். தேதியை அவர்கள் சொல்லட்டும். வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், பிள்ளைக்குப் பரீட்சை இருக்கலாம். ‘இந்த மாசம் வேண்டாமே’ என்றால் அதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு மாதம் கேளுங்கள்.

மனஸ்தாபத்தில் பிரிந்தவர்கள் என்றால் குழந்தையோடு போய் வாசலில் நிற்காதீர்கள். முதலில் நீங்கள் மட்டும் ஒரு முறை பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கனமாகப் பேசும் இடத்தில் குழந்தைக்கு வேலை இல்லை.

அவர்கள் வீட்டிலேயே தங்கலாமா? லாட்ஜ் போட்டால் கௌரவமாக இருக்குமே?

வீட்டில் இடம் இருந்து, அவர்களும் மனதாரக் கூப்பிட்டால் வீட்டிலேயே தங்குங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஹோட்டலில் இரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்தால் சம்பளம், ஸ்கூல் ஃபீஸ், வீட்டு லோன் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வருவோம். காலையில் அடுப்படியில் அவள் தோசை வார்க்க, நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டு நிற்கும்போது வரும் பேச்சு வேறு. கேட்கத் தயங்கியதெல்லாம் அங்கே தானாக வரும். என் தோழி ஒருத்தி அவளுடைய அப்பா போனதைப் பற்றி என்னிடம் முழுதாகச் சொன்னது, இரண்டு பேருமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான். அத்தனை வருடமாக போனில் அவள் அதைச் சொன்னதே இல்லை.

ஆனால் சிலவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும், இரவில் எழுந்து அழுமா, படுக்கையை நனைக்குமா, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ரப்பர் ஷீட், கொசுவலை, பழகிய தலையணை உறை எல்லாவற்றையும் நீங்களே கொண்டு போங்கள். இரண்டு இரவு போதும். மூன்றாவது நாள் அவர்களுக்கு வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

சின்ன வீடு, வயதானவர்கள் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள், அல்லது அவர்கள் குரலில் தயக்கம் தெரிகிறது என்றால் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு, பகல் முழுக்க அவர்கள் வீட்டில் இருங்கள்.

கையில் என்ன வாங்கிப் போவது?

பழம், பூ, அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கடிக்க மெதுவான ஒரு பலகாரம். அவர்கள் பிள்ளைகளுக்கு விலை அதிகமான பொம்மை வேண்டாம், பதிலுக்கு அவர்களும் அதே விலையில் தேட வேண்டிவரும். ஒரு கதைப்புத்தகம், கிரேயான் டப்பா போதும். திருநெல்வேலிக்கு அல்வா வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், அங்கிருந்து நீங்கள்தான் வாங்கி வரப் போகிறீர்கள்.

என் குழந்தை என் நண்பரை என்னவென்று கூப்பிட வேண்டும்?

அத்தை, மாமா, பெரியம்மா, சித்தப்பா, எது வேண்டுமானாலும். நண்பரையே கேட்டுவிடுங்கள், அவர்களுக்குப் பிடித்தது ஒன்று இருக்கும். என் மகள் மதுரைத் தோழியைப் பெரியம்மா என்கிறாள், என்னை விட அவள் சில மாதம் மூத்தவள் என்பதால். ‘ஆன்ட்டி’ என்றே பழகிய குழந்தையை எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள்.

பிள்ளைகள் இரண்டும் சேர்ந்ததும் சண்டை போட்டால்?

போடும். அந்த வீட்டுக் குழந்தையின் இடத்தில் திடீரென்று இன்னொரு குழந்தை வந்து அதன் பொம்மையை எடுக்கிறது. அது பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஒரு சின்ன வேலை செய்யலாம். போவதற்கு முன்பே நண்பரிடம், ‘அவனுக்கு ரொம்பப் பிடித்த பொம்மையை எடுத்து ஒளித்து வை’ என்று சொல்லுங்கள். உங்கள் குழந்தையின் பொம்மைகளில் சிலதைக் கொண்டு போய் நடுவில் கொட்டுங்கள்.

அடித்துக்கொண்டால் விலக்கி விடுங்கள், விசாரணை நடத்தாதீர்கள். யார் முதலில் அடித்தது என்ற வழக்கில் இரண்டு அம்மாக்களும் வக்கீலாகிவிட்டால் நட்புக்குத்தான் அடி விழும். பிள்ளைகள் கால் மணி நேரத்தில் சேர்ந்து ஓடுவார்கள். இரண்டு பேரையும் அமைதியாக வைக்க ஆளுக்கொரு போனைக் கொடுத்து உட்கார வைப்பதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். அப்புறம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள்.

நண்பருக்குக் குழந்தை இல்லை. என் குழந்தையைக் கூட்டிப் போனால் வருத்தப்படுவார்களோ?

நீங்களாக முடிவு செய்யாமல் அவர்களையே கேளுங்கள். ‘குட்டியையும் கூட்டி வரட்டுமா, இல்லை நாம் ரெண்டு பேர் மட்டும் பார்க்கலாமா’ என்று இயல்பாகக் கேட்டால், அவர்களுக்கு எது வசதியோ அதைச் சொல்லிவிடுவார்கள். ஆசையாகக் கூட்டி வரச் சொல்பவர்கள் நிறைய. சிகிச்சையில் இருப்பவர்கள், இழப்பைச் சந்தித்தவர்கள் ‘தனியாவே வாயேன்’ என்றால், மறுகேள்வி இல்லாமல் தனியாகப் போங்கள்.

கூட்டிப் போனால், பேச்சு முழுவதையும் குழந்தையே பிடித்துக்கொள்ளாமல் பாருங்கள். அவர்களுடைய வேலை, செடி, பாட்டு, பெற்றோர் என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது. ‘ஏன் இன்னும்’, ‘டாக்டரைப் பார்த்தீங்களா’, ‘தத்து எடுத்துக்கலாமே’ என்று கேட்பதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நாம் வேண்டாம். கல்யாணம் செய்துகொள்ளாத நண்பர்களுக்கும் இதே பதில்தான். அவர்களாகப் பேச ஆரம்பித்தால் காது கொடுங்கள்.

குழந்தை கூடவே இருந்தால் எப்போதுதான் பேசுவது?

இரவு ஒன்பதரைக்கு மேல். பகலில் அரைகுறையாகத்தான் பேச முடியும், அதற்காக ஏங்காதீர்கள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு மொட்டை மாடிக்கோ வாசல் திண்ணைக்கோ போய்விடுங்கள். மறுநாள் காலையில் எங்கும் கிளம்பும் திட்டம் இல்லாமல் இருந்தால் இரவை இழுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, உங்கள் பழைய பட்டப்பெயரைச் சொல்லி நண்பர் கூப்பிடும்போது குழந்தை அதிசயமாகப் பார்க்கும். அம்மா பரீட்சைக்கு முந்தின நாள் சினிமாவுக்குப் போன கதையெல்லாம் அதற்குத் தெரியட்டும். என் மகள் அப்படிக் கேட்ட கதைகளை இப்போது என்னிடமே திருப்பிச் சொல்கிறாள்.

ஊர் சுற்றிப் பார்க்க வேண்டாமா?

ஒரு நாளைக்கு ஓர் இடம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் காலையில் சீக்கிரம் போங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், வெயிலில் ஆடி வீதிக் கல் குழந்தையின் பிஞ்சுக் காலைச் சுட்டுவிடும். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். கூட்டத்தில் பிரிந்தால் போன் செய்து தேட முடியாது என்பதால், சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள். வெளியில் இருக்கும் நண்பரின் எண்ணை எழுதிய சீட்டு குழந்தையின் சட்டைப்பையில் இருக்கட்டும். திருமலை நாயக்கர் மகாலின் பெரிய தூண்கள் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகள் என்றால் 1959-இல் திறந்த காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில்தான் அது இருக்கிறது. சுட்டுக் கொல்லப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருப்பதால், அதைப் பற்றிக் குழந்தை கேட்டால் சொல்ல ஒரு பதிலை யோசித்துக்கொண்டு போங்கள்.

திருநெல்வேலியில் கொக்கிரகுளம் அறிவியல் மையம் பிள்ளைகளை அரை நாள் பிடித்து வைக்கும். தாமிரபரணியில் குளிப்பதென்றால் உள்ளூர் நண்பர் சொல்லும் படித்துறையில் மட்டும், குழந்தையின் கை உங்கள் கையில் இருக்க வேண்டும். குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். தண்ணீர் வரத்து கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள், அன்று பிடிவாதம் வேண்டாம்.

மதுரை நண்பர் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குக் காரில் கிளம்பினால், இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இந்த நடைமுறை. மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் குழந்தை என்றால் வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள், முழுக் காலி வயிறும் கூடாது. போனைப் பார்க்க விடாமல் முன்னால் தெரியும் சாலையைப் பார்க்க வையுங்கள். மாத்திரை தேவையா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவர் வரவில்லை. நானும் குழந்தையும் மட்டும் போகலாமா?

தாராளமாக. நான் பெரும்பாலும் அப்படித்தான் போகிறேன். கணவருக்கோ மனைவிக்கோ உங்கள் நண்பர்களோடு இரண்டு நாள் உட்கார்ந்து பழங்கதை கேட்பது பாரமாக இருக்கலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். ரயிலில் எந்தச் சிக்கலுக்கும் 139-ஐக் கூப்பிடலாம். தனியாகப் போகும் பெண்களுக்காக ரயில்வே பாதுகாப்புப் படை 2020-இல் தொடங்கிய ‘மேரி சஹேலி’ திட்டத்தில், பெண் காவலர்கள் பெட்டிக்கு வந்து விசாரிப்பது உண்டு. குழந்தை காணாமல் போனாலோ, ஆபத்தில் இருந்தாலோ 1098. கோச் எண்ணையும் சீட் எண்ணையும் வீட்டுக்கும் நண்பருக்கும் அனுப்பிவிடுங்கள். பெட்டி ஒன்று, தோள்பை ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஒரு கை எப்போதும் குழந்தைக்கு வேண்டும்.

கிளம்பும் நாளில் குழந்தைக்குக் காய்ச்சல். போவதா, வேண்டாமா?

போகாதீர்கள். குழந்தைக்கும் கஷ்டம், அந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். முதலில் நண்பரிடம் போனில் பேசுங்கள், மெசேஜ் போதாது. அவர்கள் அரிசி ஊறப் போட்டிருப்பார்கள், லீவு சொல்லியிருப்பார்கள். அதே அழைப்பிலேயே அடுத்த தேதியையும் பேசிக்கொள்ளுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வைத்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடிவிடும். சார்ட் தயாராவதற்கு முன் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பகுதியாவது திரும்ப வரும்.

போன இடத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், கிளம்பும்போது உங்கள் டாக்டர் எடைக்கு ஏற்ப எழுதிக் கொடுத்த மருந்தும், ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் கையில் இருக்க வேண்டும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும், கண்ணளவில் பாதி பாதியாகக் கலக்கக் கூடாது. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் அதற்கு மாற்று ஆகாது. குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, துவண்டு படுத்தாலோ, நண்பரின் பிள்ளைகளுக்குப் பார்க்கும் டாக்டரிடம் உடனே போய்விடுங்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். இரவு எந்த நேரமானாலும் நண்பரை எழுப்புங்கள்.